அம்மாவின் அதான்

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அம்மா வீடு திரும்பியபோது அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'அதான்.' தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், ஃபேனை நிறுத்தென்றாலும் அதான், போய்த் தொலை என்றாலும் அதான். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிருந்தன. மற்றபடி பழைய அம்மாதான். கண்ணில் அதே கூர்மை, புருவத்தில் அதே அதிகாரம். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, கடைசிப் பத்து வருடம் மேற்பார்வையாளராக நாற்பது பேரைக் கட்டி மேய்த்தவள். இயந்திரங்களின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே தொண்டை அகன்றுபோய், வீட்டில் ரகசியம் பேசினால்கூடத் தெருவுக்குக் கேட்கும்.

தன் பிள்ளைகள் இருவரையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெரியவள், சின்னவன், அவ்வளவுதான். பெரியவள் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், கணவன் வீட்டோடு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்னவனுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டே வருடத்தில் முறிந்து, அதற்குப்பிறகு அம்மாவோடுதான் இருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைப்பவன் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அவன் கம்பெனியில் இல்லை.

அவனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு வருவான். அம்மா வாயைத் திறந்து 'அ' என்பதற்குள் அடுக்க ஆரம்பித்துவிடுவான். தண்ணியா, ஃபேனா, போர்வையா, பாத்ரூமா, டிவியா? அம்மா தலையாட்டுவாள். எதற்கு ஆட்டினாளோ, கடைசியாகச் சொன்னதுதான் அவள் கேட்டது என்று எடுத்துக்கொண்டு ஓடுவான். கொண்டுவந்ததை அவள் இடது கையால் தள்ளிவிட்டால், மறுபடி முதலிலிருந்து.

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அவனிடம் இரண்டே விஷயம் சொன்னாள். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அதுவரை வாயைத் திறக்காதீர்கள். இன்னொன்று, இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஆமாவும் இல்லையும் கொஞ்ச நாளைக்குக் குழம்பிக் கிடக்கும், அதனால் எதையும் இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். அவன் சரி சரி என்றான். காதில் விழுந்தது, மனதில் தங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோய், போன் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து அம்மா புதிதாக ஒன்று செய்ய ஆரம்பித்தாள். இடது கையின் இரண்டு விரலால், மடியில் கிடக்கும் வலது மணிக்கட்டைத் தட்டுவாள். டக் டக். பிறகு அவன் முகத்தைப் பார்ப்பாள். 'வலிக்குதாம்மா?' என்று கேட்டான். தலையாட்டினாள். பதறிப்போய் நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கி, கார் பிடித்து, எக்ஸ்ரே எடுத்தான். எலும்பில் ஒரு கீறலும் இல்லை. திரும்பி வந்து படுக்கையில் விட்டதும் மறுபடி டக் டக். தைலம் தேய்த்தான், கட்டுப் போட்டான். கட்டின் மேலேயே தட்டினாள்.

இன்னொன்றும் நடந்தது. அதை அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சலவைக்கூடத்தில் அம்மாவோடு கடைசிவரை இருந்த சிநேகிதி ஒருத்தி, நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தாள். நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்த்ததாலும், எந்த நேரமும் கொதித்துக்கொண்டே இருந்ததாலும் அவளுக்கு நீராவி என்றே பேர். பிள்ளைகளுக்கு நீராவி அத்தை. வேலையை விட்ட பிறகும் தினமும் சாயந்திரம் அம்மா அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நீராவி அத்தை, மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி, இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை, அம்மா தூங்குறாங்க என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினான். இரண்டாம் தடவை, யாரையும் பார்க்க டாக்டர் விடவில்லை என்றான். இரண்டும் பொய். வாய் கோணி, கடைவாயில் எச்சில் வழிய, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாவை அந்த அம்மாள் பார்த்துவிட்டால், அம்மா அவமானத்தில் செத்தே போவாள் என்று நினைத்தான். உள்ளேயிருந்து 'அதான், அதான்' என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், 'அவங்க உன்னை இப்படிப் பாக்க வேணாம்தானேம்மா?' என்று கேட்டான். அம்மா தலையாட்டினாள். அவன் மனது ஆறிப்போயிற்று.

இரண்டு மாதம் முடியும் தறுவாயில் பெரியவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்த அன்றே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பாத்ரூம் வாசலில் படி. துவைக்காத துணி மலையாக. தம்பியின் கண்ணுக்குக் கீழே கருப்பு. நீ வேலைக்குப் போகிற நேரத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருப்பதாகச் சொன்னான். கேட்பதற்கே நன்றாயில்லை என்று அவனுக்கே பட்டது. என் வீடு தரைதளம், ஒரு அறை சும்மா கிடக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றி, கடைசியில் அம்மாவையே கேட்போம் என்று முடிவாயிற்று.

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து, வகுப்பில் கேட்பதுபோல நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். 'அம்மா, என்கூட என் வீட்டுக்கு வந்துடுறியா?'

அம்மா தலையாட்டினாள்.

சின்னவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ராத்திரி பகலாக அள்ளிக் கொட்டியதெல்லாம் இதற்குத்தானா என்று வந்தது. கூட்டிட்டுப் போ என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்திலேயே அம்மாவின் துணிகளை இரண்டு பையில் திணித்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் வந்தது. அவனும் கட்டடத்துக் காவலாளியும் அம்மாவை நாற்காலியோடு தூக்கினார்கள். படி இறங்க இறங்க அம்மாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிரித்தாள்கூட. பெரியவள் அதைப் பார்த்துத் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். கீழே சக்கர நாற்காலிக்கு மாற்றி, தெருவுக்குக் கொண்டுவந்து, டிரைவர் கதவைத் திறந்ததுதான் தாமதம், அம்மா இடது கையால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவள் கெஞ்சினாள். சின்னவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று போய்ப் பிடித்துக்கொண்டது. 'அதான்!' என்று அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் மாடியில் வந்து நின்றார்.

'நீதானம்மா வர்றேன்னு தலையாட்டின?' என்றாள் பெரியவள். அம்மா தலையாட்டினாள்.

சின்னவனுக்கு அப்போதுதான் பயிற்சிப் பெண் சொன்னது பொறிதட்டியது. குனிந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து கேட்டான். 'இங்கேயே என்கூட இருக்கியாம்மா?'

அம்மா அதற்கும் தலையாட்டினாள். அதே ஆட்டல். அதே வேகம்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கேட்டுக்கும் காருக்குமாக நடந்தான். இரண்டு மாதத்துத் தலையாட்டல்களும் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. வலிக்குதா என்றதற்கு ஆட்டியது. கஞ்சி போதுமா என்றதற்கு ஆட்டியது. அவங்க உன்னைப் பாக்க வேணாம்தானே என்றதற்கு ஆட்டியது. அதற்குமேல் அவனால் எண்ண முடியவில்லை.

அம்மா கம்பியை விட்டுவிட்டு மணிக்கட்டைத் தட்டினாள். டக் டக்.

'இது என்னடா?' என்று பெரியவள் கேட்டாள். கைவலி என்று நினைத்து எக்ஸ்ரே எடுத்த கதையைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே எழுந்து வந்து அம்மாவின் விரல்களை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதில், இவன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், அவள்தான் தினமும் மத்தியானம் சலவைக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். உள்ளே பேசினால் கேட்காது. நாலு இயந்திரம் தள்ளி நிற்பவளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால், இப்படித்தான் மணிக்கட்டில் தட்டிக் காட்டுவார்கள்.

'நேரமாச்சு, வா வெளிய போலாம்னு அர்த்தம்டா இது' என்றாள். 'வெளிய போகணும்னு சொல்லிருக்கா. ரெண்டு மாசமா.'

அவன் கார்க்காரரை அனுப்பிவிட்டான். எந்தப் பக்கம் என்று அம்மாவைக் கேட்டான். வாய் தானாக அடுத்ததற்குப் போயிற்று. மருந்துக்கடையா, பேங்க்கா, பூங்காவா?

'வாயை மூடிட்டுப் பத்து எண்ணுடா' என்றாள் அக்கா.

எண்ணினான். ஏழில் அம்மாவின் இடது கை எழுந்து, தெருவின் வலது கோடியைக் காட்டியது. தள்ளிக்கொண்டு போனான். முதல் முச்சந்தியில் நிறுத்தி மறுபடி எண்ணினான். பேக்கரி ஓரமாகத் திரும்பச் சொல்கிறாள் என்று அவசரப்பட்டுத் திருப்பியதில் தவறான தெருவுக்குள் போய்விட, அம்மா கைப்பிடியில் ஓங்கி அடித்தாள். திரும்பி வந்து சரியான வழியைப் பிடித்தார்கள். நடுவில் போன் அடித்தது. ஏதோ அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூட வேலை செய்பவனுக்கு அதைத் தள்ளிவிட்டான். அப்படித் தள்ளிவிட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

மூன்றாவது தெரு முடிகையில் எங்கே போகிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கால் தயங்கியது. அக்காவிடம் எல்லாவற்றையும் அங்கேயே ஒப்பித்தான். இரண்டு தடவை வந்தது, இரண்டு பொய் சொன்னது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் கையிலிருந்து நாற்காலியை வாங்கித் தள்ள ஆரம்பித்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அம்மாவின் கை நேராக முன்னால் நீண்டே இருந்தது.

நீராவி அத்தை கதவைத் திறந்தாள். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வழிந்த வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, 'ஏண்டி, இவ்வளவு நாள் ஆச்சா உனக்கு? உள்ள வா' என்றாள். சின்னவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

கூடத்தில் காய்ந்த துணி குவிந்து கிடந்தது. அவள் மடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். மகள் வீட்டுச் சண்டை, மேல்வீட்டுக் குழாய் ஒழுகல், செத்துப்போன பழைய சகாக்கள். அம்மா சரியான இடத்தில் 'அதான்' போட்டாள். ஒன்று ஆமோதிப்பு, ஒன்று சந்தேகம், ஒன்று 'அவ புத்தி அவ்வளவுதான்' என்பது. இத்தனை விதம் இருக்கிறது என்பதே சின்னவனுக்கு அன்றுதான் காதில் ஏறியது. நீராவி அத்தை ஏதாவது கேட்டால், பதிலுக்குக் காத்திருப்பதுபோலவே காட்டிக்கொள்ள மாட்டாள். ஒரு போர்வையை உதறி, நாலாக மடித்து, ஓரத்தைத் தடவி, அடுக்கில் வைப்பாள். அதற்குள் அம்மா கையாலோ புருவத்தாலோ எதையோ சொல்லியிருப்பாள். இடையிடையே இருவரும் விரலால் ஏதேதோ காட்டிக்கொண்டார்கள். எல்லாம் புரிந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு சைகைக்கு நீராவி அத்தையே கையை விரித்துவிட்டாள்.

பிறகு பழைய மேனேஜரைப் பற்றிய பேச்சு வந்தது. சம்பளநாளில் வேண்டுமென்றே தாமதமாக வருகிற ஆள். அவன் பேரை எடுத்ததுமே அம்மா நிமிர்ந்தாள். வாய் இழுத்துக்கொண்டது.

'நாசமாப்போறவன்' என்றாள்.

தெள்ளத்தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல். தான் சொன்னதைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள். நீராவி அத்தை கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், ஒரு பக்கத்து வாயால். பெரியவள் சிரித்துக்கொண்டே அழுதாள். சின்னவன் எழுந்துபோய், ஒன்றுமே ஆகாத வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று அன்று அவர்கள் நம்பினார்கள். திரும்பவில்லை. அது வசவு, பாட்டு, எண்ணிக்கை மாதிரி தானாக வருகிற சொல், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று பயிற்சிப் பெண் விளக்கினாள். பெரியவள் தனியாகவே ஊருக்குப் போனாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லிப் போனவள், அப்படியே வந்தாள். சின்னவன் காலை ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, சாயந்திரம் தவறாமல் அம்மாவை இறக்கினான். மூன்று மாதம் அலைந்து, நீராவி அத்தையின் அடுத்த தெருவில் தரைதளத்தில் ஒரு வீடு பிடித்தான். வெளிச்சம் போதாத வீடு. அது பிடிக்கவில்லை என்று அம்மா கையை ஆட்டித் தெரிவித்தாள், அந்த விஷயத்தில் அவன் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

தலையாட்டல் மெல்ல மெல்லத் தெளிந்தது. எதையும் இரண்டு விதமாகக் கேட்கப் பழகிக்கொண்டான். பத்து எண்ணுவதுதான் லேசில் பிடிபடவில்லை. ஆறு, ஏழு வருவதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

புது வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு ஆனபின் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இந்த ஒரு கேள்வியைப் பல நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தான்.

'அத்தையை நான் வாசலோட திருப்பி அனுப்பினேனே, அதுக்கு எம்மேல கோபமாம்மா?'

அம்மா தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

அவன் அதையே திருப்பிப் போட்டுக் கேட்டான். 'கோபம் இல்லைதானே?'

மனதுக்குள் எண்ண ஆரம்பித்தான். கால் ஆடியது. கையால் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஆறு, ஏழு. அவளுக்காக அவனே பதில் சொல்லிவிடலாம்போல நாக்கு துடித்தது. பத்தும் தாண்டிப் பதிமூன்றில் அம்மா, அவன் கண்ணையே பார்த்தபடி, தலையை இடமும் வலமும் அசைத்தாள். ஒருமுறை அசைத்து நிறுத்தி, அவனுக்கு விளங்கவில்லையோ என்று மறுபடியும் அசைத்தாள்.

இரண்டு விதமாகக் கேட்டும் ஒரே பதில், கோபம்தான். இத்தனை மாதத்தில் அவள் தலையசைத்து அவனிடம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்ன முதல் விஷயம் அதுதான். அவன் எழுந்து ஓடவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.