மோசமாக எய்யப் பழகிய வாட்கின்

ஊரிலேயே கனமான வில்லை இழுப்பவன் பன்றி மேய்க்கும் வாட்கின்தான். அப்பேர்ப்பட்டவன் அந்த வாரம் முழுக்கக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மோசமாக எய்வது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரபுவின் ஆள் வருகிறான். பிரான்சுச் சண்டைக்கு இந்த ஊரிலிருந்து ஒரு வில்லாளி வேண்டுமாம், ஒரே ஒருவன். இடோனியைக் கட்டிக்கொண்டு வாட்கினுக்கு இன்னும் ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. அவளை விட்டுவிட்டுக் கப்பலேற அவனுக்கு மனமில்லை. வெளியே கேட்டால் மட்டும், பன்றி குட்டி போடப்போகிறது என்று சமாளிப்பான்.

மோசமாக இழுப்பது லேசுப்பட்ட காரியமா? அந்த வில்லைக் கையால் மட்டும் இழுக்க முடியாது. இடுப்பையும் முதுகையும் கொடுத்து, வில்லுக்கும் நாணுக்கும் நடுவே உடம்பையே திணிக்க வேண்டும். பிள்ளைப் பருவத்திலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பழகிய உடம்பு, இப்போது மறந்துவிடு என்றால் கேட்குமா?

"மறுபடி முதுகு போகுது பாருங்க" என்றாள் இடோனி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தபடி. "வெறும் கையால இழுங்க."

"கை பிஞ்சிடும்டி!"

"பிஞ்சா நான் தைக்கறேன். நம்ம ஹாமண்ட் கிணத்துல தண்ணி சேந்தற மாதிரி இழுப்பானே, அப்படி."

ஹாமண்ட் மாவு ஆலைக்காரரின் இளைய மகன். ஆலை அண்ணனுக்கு என்று ஆகிவிட்டது. மாவு மூட்டையிலிருந்து தப்பித்தால் போதும், பிரான்சு என்ன நரகத்துக்கே போகிறேன் என்று துடித்துக்கொண்டிருந்தான். பாவம், எய்யத்தான் வராது.

ஞாயிறு வந்தது. பிரபுவின் ஆள் ரெய்னர், பாதிக் காது போன பழைய போர்க்காரன், பீப்பாய்மேல் உட்கார்ந்து பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டு பார்த்தான். ஊரார் யாரும் வாட்கினைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாட்கின் கிணற்றில் தண்ணீர் சேந்துவதுபோல இழுத்தான், வேண்டுமென்றே நடுங்கினான், நாண் முன்கையில் பளாரென்று அறைந்தது. அம்பு குறி வைத்த மண்மேட்டுக்குப் பாதி வழியிலேயே வாத்துகளுக்கு நடுவில் விழுந்தது. ஊரே சிரித்தது. வாட்கின் கையைத் தேய்த்துக்கொண்டு பரம திருப்தியோடு இடோனி பக்கத்தில் போய் நின்றான்.

அடுத்து ஹாமண்ட். காலை அகட்டினான். வில்லை உயர்த்தினான். இடுப்பைக் கொடுத்தான், முதுகைக் கொடுத்தான். வாட்கினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பயல் இத்தனை நாளும் வேலி இடுக்கில் கண்ணை வைத்து, தான் பழக்கதோஷத்தில் முதுகால் இழுத்ததையெல்லாம் பார்த்திருக்கிறான்! நாண் காதுவரை அழகாக வந்தது.

வந்தது, அங்கேயே நின்றது. மடையன் குறிபார்க்கிறான்! அந்த வில்லைப் பிடித்து வைத்துக்கொண்டு யாராவது குறிபார்ப்பார்களா? வில் ஆட ஆரம்பித்தது. அம்பு முன்னால் நழுவியது. வாயைத் திறந்துவிடாதபடி இடோனி வாட்கினின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாட்கின் நாக்கைக் கடித்தான், உதட்டைக் கடித்தான். ஒன்றும் பலிக்கவில்லை, கத்தியேவிட்டான்.

"டேய் தடியா! காதுக்கு வந்தா விடவேண்டியதுதானே! விரலைப் பிரிக்காதடா, முதுகால இன்னும் ஒரு தள்ளு தள்ளு, நாண் தானா ஓடிடும்!"

ஹாமண்ட் தள்ளினான். அம்பு மேட்டுக்குள் இறகுவரை இறங்கியது. ஊர் ஆர்ப்பரித்தது. பிறகு எல்லோரும் வாட்கினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெய்னர் பாலாடைக்கட்டியைப் பீப்பாய்மேல் வைத்தான். "வாத்து வேட்டைக்காரரா இப்ப பேசினது?"

"சும்மா... காதுல விழுந்ததைச் சொன்னேன் ஐயா."

"யோவ், நீ வில்லை எடுக்கும்போதே உன் சட்டையைப் பார்த்தேன். வில்லைத் தாங்கற இடது தோள் பருத்துத் தையல் பிரிஞ்சிருக்கு, வலது பக்கம் முழுசா இருக்கு. அந்தத் தோள் பன்னி மேய்ச்சா வந்தது?"

தைக்காமல் விட்ட இடோனி தலையைக் குனிந்துகொண்டாள். வாட்கின் அவசரமாகக் கையால் தோளைப் பொத்தினான்.

"பயப்படாதே. விருப்பமில்லாதவனை இழுத்துட்டுப் போனா பாதி வழியில ஓடிடுவான். இந்த ஹாமண்ட் ஓடமாட்டான், சொன்னாலும் கேட்டுக்கறான், இவனையே ஏத்திக்கறேன். ஆனா ஊரைக் கூட்டி என்னை ஏமாத்தப் பார்த்தியே, அதுக்கு ஒரு தண்டனை. வண்டி கண்ணுக்கு மறையறவரைக்கும் வில்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, நீயும் ஏறணும்."

அவ்வளவுதானா என்று வாட்கின் மனம் குளிர்ந்தான். வண்டி புறப்பட்டது. ஹாமண்ட் பின்பலகையில் எழுந்து நின்று, வில்லை ஆட்டி ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தினான்.

"இன்னிக்கு வாட்கின் கத்தினதுல பதறி விட்டுட்டேன்! அடுத்த தடவை நல்லாப் பிடிச்சு வெச்சு, நிதானமாக் குறிபார்த்து விடறேன், பாருங்க!"

வாட்கினின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ரெய்னர் திரும்பிப் பார்த்துப் பாதிக் காதைக் கையால் குவித்துக்கொண்டான். வாட்கின் வாயைத் திறந்தான்.

பீப்பாய்மேல் கிடந்த பாலாடைக்கட்டி முழுசையும் இடோனி அந்த வாய்க்குள் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"மெல்லுங்க" என்றாள், அவன் தோளில் சாய்ந்துகொண்டு. "மென்னுக்கிட்டே வீட்டுக்கு வாங்க."