ஒன்பது நாள் பூங்கொத்து

தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருடம் நர்ஸாக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற அன்று வார்டில் ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு வந்த பூக்களையே ஜாடியில் வைத்துப் பழகியவருக்கு, தன் பெயர் எழுதி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. வாடிவிடுமே என்று மனசு கேட்கவில்லை. மறுநாளே ஓர் ஓவியரைத் தேடிப் பிடித்து வரையச் சொன்னார். அவர் ஆடி அசைந்து முடிக்க ஒன்பது நாளாயிற்று. முதலில் வரைந்த ரோஜாக்கள் நிமிர்ந்து நின்றன. கடைசியில் வரைந்த செவ்வந்திகள் தலை தொங்கியிருந்தன.

பதினேழு வருடம் கழித்து அந்தப் படத்தின் கீழ்மூலையில் பூஞ்சை பிடித்தது. சிஸ்டர் அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஓவியங்களை மதிப்பிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார்.

அவர் சட்டத்தைக் கழற்றி, படத்தைப் புரட்டி, லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"படத்து மேல தப்பில்லம்மா. பின்னாடி வெச்ச அட்டைதான் வினை. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் படத்துக்கு ஊட்டியிருக்கு. எங்க மாட்டியிருந்தீங்க?"

"குளியலறைக்கு ஒட்டின சுவர்ல."

"நல்ல இடமாப் பாத்தீங்க, போங்க!"

சிஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"அட்டையை மாத்திடறேன். கண்ணாடி படத்துல ஒட்டாம இடைவெளி விடறேன். இந்த வாடின பூவை மட்டும் கொஞ்சம் பளிச்னு ஆக்கிடவா?"

"தொடாதீங்க. அது அப்படித்தான் இருந்துச்சு."

"பக்கத்துலயே இருந்தீங்களா?"

"ஒன்பது நாளும். ரிட்டயராகிட்டேன், வேற எங்க போக?"

அவர் மதிப்புத் தாளை எழுதி நீட்டினார். படத்தைவிடச் சட்டத்துக்குத்தான் விலை அதிகம். சிஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தை விட்டுப்போவதற்கான அடுத்த தாளை நிரப்பும்போதுதான் சிஸ்டரின் பேனா நின்றது. உரிமையாளர் வர முடியாமல் போனால் படத்தை யாரிடம் கொடுப்பது என்று அதில் கேட்டிருந்தது.

அண்ணன் மகனை நினைத்தார். 'எங்க வீட்ல ஏது அத்தை இடம்' என்பான். பக்கத்து வீட்டுக்காரியின் முகம் தெரியும், அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் நினைவுக்கு வரவில்லை.

"உங்க பேரைப் போடட்டுமா?" என்றார் தயங்கித் தயங்கி.

"மதிப்புப் போட்டவன் பொருளை வாங்கக் கூடாதும்மா. எங்க தொழில்ல அது கட்டாயம்."

"சரி, பரவாயில்ல." சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

பழுதுபார்ப்பவர் குனிந்து செவ்வந்திகளைப் பார்த்தார். பிறகு மதிப்புத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"மதிப்புப் போடல. வெறும் பழுதுபார்க்கற வேலைதான். இப்ப எழுதுங்க." தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

படம் இல்லாத அந்த ஒரு மாதமும் சிஸ்டர் வெறும் சுவர் கண்ணில் படாதபடி நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். வேலை முடிந்ததும் பழுதுபார்த்தவரே படத்தைக் கொண்டுவந்து, ஈரம் படாத உள்சுவரில் மாட்டினார். சிஸ்டர் டீ போட்டார். பூஞ்சை திரும்ப வந்தால் சொல்லுங்கள் என்றுவிட்டு அவர் கிளம்பினார்.

சிஸ்டர் கதவைச் சாத்தினார். இரண்டு டம்ளர்களையும் மெதுவாகக் கழுவிக் கவிழ்த்தார்.