வக்கீல் தியோதோசிஸின் பித்தளைத் தாளம்

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான் பொறுப்பில்லை. வக்கீல் தியோதோசிஸின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துரை எழுதும்படி எங்கள் கோர்ஃபு தீவின் பேண்டு வாத்தியக் குழு என்னைக் கேட்டது. “வாரி வழங்கும் வள்ளல், கலைகளின்...” என்று ஆரம்பித்து, புத்தி கெட்டுப்போய் அவரிடமே காட்டினேன். வள்ளலை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதித் தந்தார்.

ஆதாரம் நான்தான். என் கிளாரினெட் அவர் வாங்கித் தந்தது. அதை ஊதக் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அவரே. குழுவில் பாதிப் பேர் அவர் தயவில் படித்தவர்கள். குழுவை நடத்தும் நவ்சிகாவை இசைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அவர்தான்.

2

மறுபடி தொடங்குகிறேன். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்...

(மழை பெய்யவில்லை. விடுங்கள்.)

வக்கீல் ஒத்திகைக்கு வந்தார். வழக்கமாக ஓரமாக உட்கார்ந்து, தப்பான இடங்களில் தலையாட்டுவார். அன்று உட்காரவில்லை.

“நவ்சிகா, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஊர்வலத்துல நான் அந்தப் பித்தளைத் தாளத்தத் தட்டணும்மா. கடைசி அடி மட்டும் போதும்.”

எல்லோரும் கூரையைப் பார்த்தோம். மனிதருக்குத் தாள உணர்வு மருந்துக்கும் கிடையாது. மாட்டேன் என்று அவரிடம் யார் சொல்வது? சரி என்றாலோ, ஊர் நடுவே குழுவின் மானம் கப்பலேறும். மற்ற குழுக்கள் அடுத்த ஈஸ்டர் வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

3

கதையின் முதல் முடிவு நவ்சிகாவின் யோசனை. அந்தச் சனிக்கிழமை ஊரே மாடிகளிலிருந்து மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைக்கும். அந்தச் சத்தத்தில் அவரைத் தட்டவிட்டால் பிழை யார் காதிலும் விழாது.

நல்ல முடிவு என்று என்னையே மெச்சிக்கொண்டு எழுதினேன். பட்டும் புத்தி வராமல் இதையும் அவரிடம் காட்டினேன். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஏன் தம்பி, உங்க அபஸ்வரத்தையெல்லாம் இத்தன வருஷம் உக்காந்து கேட்டேனே. என்னோட ஒரு அடிய நீங்க கேக்க மாட்டீங்களா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நவ்சிகாவிடம் போய்ச் சொன்னேன். அவள், பானையெல்லாம் உடைந்து முடியட்டும், அதற்குப் பிறகே தட்டட்டும் என்றாள்.

4

பானைகள் உடைந்து முடிந்தன. ஓட்டுச் சில்லுகளை மிதித்தபடி வாசித்துக்கொண்டு நடந்தோம். குழுவின் சீருடையில் வக்கீல் வியர்த்து வழிந்தார். தாளத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். நவ்சிகா இன்னும் சைகை காட்டவில்லை. பாட்டில் இன்னும் எவ்வளவோ பாக்கி.

ஜங்!

நவ்சிகாவின் கை சட்டென்று மூடியது. எக்காளம், முரசு, நான் என்று அத்தனை பேரும் அந்த இடத்திலேயே நிறுத்தினோம். அதற்கு மட்டும் யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பாட்டு அங்கேதான் முடிகிறது என்று நினைத்து ஊர் கைதட்டியது.

“சரியா அடிச்சேனா?” என்றார் வக்கீல்.

“கச்சிதமா அடிச்சீங்க, வக்கீலய்யா,” என்றாள் நவ்சிகா. என் கண்ணில் நீர் முட்டியது. நாற்பது பேர் ஒரே மூச்சில் நின்றதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

5

மூன்றாம் பகுதி வரைதான் அவர் படித்திருக்கிறார். நாளைக்கு வந்து மீதி எங்கே என்பார். நான்காம் பகுதியைக் காட்டவா, கிழித்துப்போடவா? காட்டினால் அவர் கேட்ட ஆதாரம் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கைதட்டல் போய்விடும். எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. சொல்கிறேன். ஆனால் தாளத்தை இப்போது உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். நீங்கள் எந்த இடத்தில் தட்டினாலும் சரி, நான் அங்கேயே நிறுத்