உள்பக்கத்து வாளிகள்

அரசாங்கம் தன் பேச்சைக் கேட்கும் என்று தவளை டாக்டர் கனவிலும் நினைத்ததில்லை. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை அடுக்கினால் அவற்றின்மேல் ஏறி நின்று பரணில் சாமான் எடுக்கலாம். அந்த உபயோகத்துக்குக்கூட யாரும் அவற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு மறந்துபோகாமல், ஒரு வரி விடாமல் கேட்டார்கள். வந்த வினையே அதுதான்.

தவளை டாக்டர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய பெருமையில் அவள் வாசலில் பலகை மாட்டிய அன்றே ஒருவர் காய்ச்சலோடு வந்து நாக்கை நீட்டினார். தான் தவளைகளுக்கு மட்டும்தான் டாக்டர் என்று அவள் விளக்கப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவரும் கோபம் வந்தால் "என்ன டாக்டரம்மா" என்பார். கோபம் வராவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். ஒரு பக்கம் சரக்குக் கிடங்குகள், இன்னொரு பக்கம் முள்புதர்க்காடு. மழை பெய்தால் அது குளம். கோடையில் பாளம் பாளமாக வெடித்த வெறும் மண். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்காததால் அதை யாரும் குளமாகவே மதிக்கவில்லை. வீடு இடிப்பவர்கள் செங்கல்லைக் கொட்டினார்கள், கிடங்குக்காரர்கள் மிஞ்சிய குப்பையையெல்லாம் கொட்டினார்கள். அந்த நாற்றம் பிடித்த பள்ளத்தில்தான் முதல் மழை விழுந்ததும் உருண்டைத் தவளைகள் வந்து கத்தும். கத்தும் என்றால் சாதாரணக் கத்தலா! கணவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையணையையும் மேலே போட்டுக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர்கள் இதை ஏன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்று புலம்புவார்.

அந்தத் தவளைகளை எண்ணுவதுதான் அவள் வேலை. பள்ளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாளால் வேலி கட்டுவாள். வேலியை ஒட்டி, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி வாளிகளைப் புதைப்பாள். புதரிலிருந்து குளத்துக்கு வரும் தவளை வேலியில் முட்டி, தாண்ட முடியாமல் அதன் ஓரமாகவே நடந்து, தொபுக்கென்று வாளியில் விழும். காலையில் போய் எண்ணி, எடை பார்த்து, உள்ளே விட்டுவிடுவாள்.

முறைப்படி வேலிக்கு வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை என்று வாளி வைக்க வேண்டும். முதல் வருடம் அப்படித்தான் வைத்தாள். ஆனால் மழையில் உள்பக்கத்து மண் ஊறி, வாளிகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு மேலே வந்து மிதந்தன. திரும்பப் புதைத்தாள், திரும்ப மிதந்தன. இடுப்பளவு சேற்றில் வாளி பொறுக்கிப் பொறுக்கிச் சலித்துப்போய், உள்பக்கம் எதற்கு, தவளைகள் வெளியிலிருந்துதானே வருகின்றன என்று விட்டுவிட்டாள். அடுத்த வருடமும் விட்டாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒரு மழைக்காலத்துக் காலையில் வாளிகளைத் தூக்கிப் பிடிக்க வந்த கணவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வாளிக்குள் இருப்பது ஒரு கை அளவுதானே, கச்சேரி மட்டும் ஊரே கூடின மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தார். பாதி தவளைகள் வேலியை ஏறித் தாண்டிவிடும் என்று அவள் சொன்னாள். அவள் அதை நம்பினாள். நம்பி, எழுதியும் வைத்தாள்: உருண்டைத் தவளைகள் கோடையைப் புதர்க்காட்டு மண்ணுக்குள் கழிக்கின்றன.

சுற்றுச்சூழல் துறைக்குப் புதிதாக வந்த இயக்குநர் நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சல். திட்டித் தீர்க்க ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் மனசாவது ஆறும். அவர் அவள் அறிக்கையை முழுதாகப் படித்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதியிருந்தார். நகரத்தில் மிச்சமிருக்கும் இப்படிப்பட்ட பள்ளங்களைக் கட்டுமான நிறுவனம் ஒன்று மூடிக் கிடங்கு கட்டக் கேட்கிறது, அதற்கு முன்னால் சீரமைப்பு ஆணை போட்டுவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்றார். குப்பையையும் கழிவுச் சேற்றையும் களிமண் வரை அள்ளி எடுக்க வேண்டும். எப்போது அள்ளினால் தவளைகளுக்குக் கெடுதல் இல்லை என்று ஆணையில் போட ஒரே ஒரு வரி வேண்டும். இழுத்துப் பேசாமல், பட்டென்று ஒரு வரி.

அவள் பட்டென்று கொடுத்தாள். கடும் கோடையில், படுகையில் உயிர்கள் இல்லாத காலத்தில் மட்டும் அள்ள வேண்டும். அந்த வரி அப்படியே ஆணையில் ஏறியது. அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கோடை வந்தது. எல்லாப் பள்ளங்களிலும் வேலை தொடங்கவிருந்தது. அவள் வீட்டுப் பின்பள்ளம்தான் முதல். ரிப்பன் வெட்டி, பிஸ்கட் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொக்லைன் இயந்திரம் செங்கல்லையும் பிளாஸ்டிக்கையும் அள்ளி லாரியில் போட்டது. பிறகு கறுப்புச் சேற்றுக் கட்டிகளை அள்ளியது. இத்தனை வருடக் குப்பை போகிறதே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

லாரி கிளம்பும்போது ஒரு கட்டி உருண்டு அவள் காலடியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. நடுவில் வழவழப்பாக ஒரு குழி. குழிக்குள் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய உறை. உறைக்குள் கால்களை மடக்கி, கண்களை மூடி, ஒரு உருண்டைத் தவளை. அவள் விரல் பட்டதும் அதன் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

அவள் இன்னொரு கட்டியை உடைத்தாள். அதிலும் இருந்தது. வேறொன்றை உடைத்தாள். லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறி, கையாலேயே உடைத்துக்கொண்டே போனாள். சில உயிரோடு இருந்தன, பல இயந்திரப் பல்லில் நசுங்கியிருந்தன. வெளிப்பக்கத்து வாளிகளில் விழுந்தது வழிதவறிப் புதருக்குப் போன கொஞ்சம் பேர். மற்றதெல்லாம் எங்கேயும் போகவே இல்லை. இங்கேயே, வேலிக்கு உள்ளேயே, அவள் காலுக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு வாளி, ஒரே ஒரு வாளி வைத்துப் பார்த்திருந்தால் முதல் மழையிலேயே தெரிந்திருக்கும். பாவி, பாவி என்று அவள் தன்னையே சொல்லிக்கொண்டாள். இயந்திர ஓட்டுநர் அவள் கையை ஆட்டியதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். யார் உத்தரவில் நிறுத்துவது என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவள் லாரியிலிருந்து குதித்து இயக்குநர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

கையில் சேறோடு அவள் இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள். அவர் எழுந்து நின்றார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். எல்லாப் பள்ளங்களிலும் வேலையை நிறுத்தச் சொல்லி அவள் முடித்ததும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"மேடம், அந்த ஆணைக்கு அஸ்திவாரமே உங்க அறிக்கைதான். அது தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, ஒரு வரி தப்புன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. முழுசும் தப்புன்னு கோர்ட்ல போய் நிப்பாங்க. நாளைக்கே மூடிடுவாங்க."

"எழுதாம விட்டா நீங்களே தோண்டிக் கொன்னுடுவீங்க, சார்."

"நான் கொல்றேனா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அடிபட்டவர் குரலாக இருந்தது. "நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்."

சேறு அள்ளாமல் நடுப்பகுதியையாவது விடலாமே என்று அவள் கெஞ்சினாள். ஆணையை ஒரு வரி மாற்றவும் நிபுணர் குழு கூட வேண்டும், குழு கூடுவதற்குள் கோடை முடிந்துவிடும் என்று அவர் சங்கடத்தோடு விளக்கினார். வேலையைப் பாதியில் நிறுத்த அவருக்கே அதிகாரம் இல்லை. அவ்வளவு கெட்டியாக, யாரும் வந்து குலைக்க முடியாதபடி ஆணையைப் போட்டிருந்தார், அவளுக்காகவே.

வீட்டில் கணவர் அவள் கைகளைக் கழுவிவிட்டார். எழுதட்டுமா வேண்டாமா என்று அவள் கேட்டாள். கண்ணாடி விற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"எழுதாம இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?" என்றார் கடைசியில்.

"வராது."

"அப்ப எழுது. என்ன வருதோ பாத்துக்கலாம்."

அவள் எழுதினாள். எதையும் மழுப்பவில்லை, உள்பக்கத்து வாளிகளைப் பற்றியும் எழுதினாள். கடிதத்தைக் குழுவின் பார்வைக்கு வைப்பதாகப் பதில் வந்தது. பதில் வந்த வாரம் நான்கு பள்ளங்களில் இயந்திரங்கள் ஓடின. அவள் ஒவ்வொன்றுக்கும் போய், கொட்டிய மண்ணைக் கிளறி, உயிரோடிருந்ததைப் பொறுக்கி ஈரச்சாக்கில் போட்டு எடுத்துவந்தாள். உறை கிழிந்த தவளை கோடையில் எத்தனை நாள் தாங்கும்? வீட்டுக் குளியலறையில் ஒவ்வொன்றாகச் செத்தன. கணவர் அவற்றைக் கொல்லையில் புதைத்தார்.

ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளம் மட்டும் கடைசி முறைக்காகக் காத்திருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் அங்கே போகவே இல்லை. கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் அவள் கடிதத்தின் நகலோடு கோர்ட்டுக்குப் போனார். ஆராய்ச்சியாளரே தன் ஆராய்ச்சியை நம்பவில்லை என்று வாதாடினார். கோர்ட் தடை போட்டது, சீரமைப்புக்கு மட்டும்; மூடுவதற்கு இல்லை. தோண்டாமல் தப்பித்த ஒரே பள்ளத்தில் நிறுவனத்துக்காரர்கள் மண் கொட்டி, உருளை ஓட்டி, மட்டம் பண்ணினார்கள். ஈரம் தேடி மேலே வருகிற தவளைக்கு அங்கே இனிமேல் சிமெண்ட் தரைதான்.

முதல் மழை ஒரு மாலையில் பெய்தது. சீரமைத்த குளம் தண்ணீர் பிடித்துக்கொண்டு கண்ணாடி மாதிரி இருந்தது; ஒரு குப்பை இல்லை, ஒரு நாற்றம் இல்லை. வேறு ஊர் அதிகாரிகள் வந்து பார்த்து, இதே முறையைத் தங்கள் ஊரிலும் செய்யப்போவதாகச் சொல்லி அதற்கு முந்தின வாரம்தான் கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். என் அறிக்கை தப்பு, தோண்டாதீர்கள் என்று அவர்களிடமும் அவள் சொன்னாள். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அவள் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படியில் நின்றாள். இந்தத் தடவை வேலிக்கு உள்பக்கம் வாளிகளைப் புதைத்து, மிதக்காமலிருக்க அடியில் கல் கட்டியிருந்தாள். வாளிகள் அசையாமல் நின்றன. உள்ளே மழைத்தண்ணீர் மட்டும் இருந்தது.

கணவர் பழக்கதோஷத்தில் பஞ்சு டப்பாவோடு வந்தார். ஒரு காதை அடைத்துவிட்டு, இன்னொன்றை அடைக்கப்போனவர், நின்று, அடைத்ததையும் எடுத்துவிட்டார். இரண்டு பேரும் மழையைக் கேட்டார்கள். வெறும் மழை.

அப்போது புதர்ப் பக்கமிருந்து ஒரு உருண்டைத் தவளை கத்தியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் கத்தியது.

"கேட்டியா?" கணவர் அவள் தோளைப் பிடித்தார். "ஒண்ணு இருக்குடி. ஒண்ணு போதுமே?"

கத்துவது ஆண் தவளை என்றும், பெண் தவளை வரும்வரை அது கத்திக்கொண்டேதான் இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். அவள் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது திரும்பத் திரும்பக் கத்தியது.

"போதும்" என்றாள்.