தலைகீழாகக் குடித்தது

அணிற்பிள்ளை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று என் மனைவியின் விரலைக் கடித்தது. பக்கத்து அட்டைப்பெட்டியில் கிடந்த வௌவால் குட்டியோ நேற்றிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே இறக்கவில்லை. பழம் தின்னும் இனம். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமாம். தாய் மின்கம்பியில் அடிபட்டுச் செத்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விலங்கு மருத்துவமனை பூட்டியிருக்கும் என்று அங்கே நர்ஸாக இருக்கும் அவள் இரண்டையும் நேற்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அணிலை யாரும் விசாரிக்கவில்லை. எந்த மரத்தை உலுக்கினாலும் நாலு விழும். ஆனாலும் அதன் துறுதுறுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வௌவாலுக்குத்தான் பெரிய டாக்டர் மணிக்கொரு தரம் போன் செய்தார்.

"சாயங்காலத்துக்குள்ள குடிக்கலைன்னா பிழைக்கறது கஷ்டம்மா" என்றார் கடைசியாக. அவள் முகம் சுண்டிப்போனது.

அவளுடைய கைராசி அக்கம்பக்கம் அறிந்தது. அணிலை நிமிர்த்திப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஊட்டுவாள். ஒன்றுகூடத் தவறியதில்லை. வௌவாலையும் அப்படியே நிமிர்த்திப் பிடித்தாள். அதற்குப் புரையேறியது. பால் மூக்கு வழியாக வந்தது.

"பயமா இருக்குங்க. கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று என்னிடம் தந்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை என்னுடையது. நசுக்கிவிடுவேனோ என்று கம்பளிச் சட்டையோடு சேர்த்து அணைத்தேன். குட்டி என் மார்பில் ஊர்ந்தது, மெல்லத் திரும்பியது, கால்நகங்களைச் சட்டையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. தோல் இறக்கையைப் போர்த்திக்கொண்டு குட்டி நரிமுகத்தை மட்டும் வெளியே நீட்டியது. இத்தனை அழகை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததேயில்லை.

"அய்யோ, இதையும் அணிலாவே நெனச்சுட்டேனே!" கதவருகே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "அப்படியே இருங்க. அசையாதீங்க."

"தும்மல் வருதுடி."

"வந்துச்சு, கொன்னுடுவேன்."

மண்டியிட்டு, பாலில் நனைத்த பஞ்சைக் கீழிருந்து நீட்டினாள். சின்ன நாக்கு ஒன்று வெளியே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு அந்தத் தொண்டை அசைய ஆரம்பித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கக் கையில்லை.

அதற்குள் அணில் பெட்டியைத் தாண்டிக் குதித்து, என் காலைப் பற்றி விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது. ஒன்று மேலே ஏற, ஒன்று கீழே தொங்க, நான் தும்மலை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு நின்றேன்.