ரங்கூன் பெட்டிக்குள் மண்

தாராவியில் மண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. கும்பார்வாடாவில் குயவர்களின் சூளையைச் சுற்றி உடைந்த பானை ஓடு கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். அதற்குக் காவலும் இல்லை, கேள்வியும் இல்லை. அப்படியிருந்தும் சண்முகவடிவு அதைத் திருடியைப் போலத்தான் எடுத்தாள். காலில் முள் தைத்தவள் மாதிரிக் குனிந்து, இரண்டு ஓட்டுத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அவற்றை ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு துண்டை நனைத்து வாயில் போட்டால் புதுமழை வாசனை வரும். கடிக்கும்போது அப்படி ஒரு சுகம். விழுங்கி முடித்ததும் தன் மேலேயே அருவருப்பு. நாளை முதல் தொடக்கூடாது என்று தினமும் முடிவெடுப்பாள்; அந்த முடிவுக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

பிள்ளைத்தாய்ச்சி மண் தின்றால் மசக்கை என்று ஊர் சிரித்துவிட்டுப் போகும். அவளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ரங்கூனில் கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட 1964-இல் கப்பலேறி வந்தவர்கள், புருஷன் சிவனாண்டியின் அண்ணன் வீட்டில், ஒரே அறையைச் சேலையால் மறித்து இரண்டு வருஷமாக ஒண்டியிருந்தார்கள். அண்ணன் மனைவி பிச்சம்மாள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவள் மீன் துண்டை வைக்க வரும்போதெல்லாம், "எனக்கு ஒத்துக்கிடாதுக்கா" என்று தட்டை இழுத்துக்கொண்டவள் வடிவுதான். ஒண்ட வந்தவள் வாரித் தின்றாள் என்று பேர் வந்துவிடக்கூடாதே. ஏழு வயது மகள் முப்பிடாதியையும் அப்படியே பழக்கியிருந்தாள். பெரியம்மா இரண்டாவது தடவை கேட்டால் 'போதும்' என்று சொல்ல வேண்டும். எவ்வளவு பசித்தாலும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலையில் குழாயடி வரிசையில் முப்பிடாதி வாயோரமெல்லாம் சிவப்பாக நின்றாள்.

"ஏட்டி வடிவு, ஒம் மவ மண்ணையில்லா திங்கா," என்றாள் பிச்சம்மாள், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில். "பாக்கவங்க நான் சோறு போடலன்னுல்லா நெனப்பாக."

பிள்ளையின் கையிலிருந்த ஓட்டுத் துண்டை வடிவு பார்த்தாள். ஓரம் கருகிய ஓடு. முந்தின நாள் அவளே பொறுக்கிப் பெட்டியில் வைத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்தக் கூச்சத்தில்தான் அடித்தாள். இத்தனை பேர் பார்க்க, தோளிலும் முழங்கையிலும், கை வலிக்க அடித்தாள். "எங்கட்டி எடுத்த? சொல்லுட்டி" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள், கேட்ட ஒவ்வொரு தடவையும், சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள். முப்பிடாதி அழவும் இல்லை, சொல்லவும் இல்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மயங்கி விழுந்தாள். பிச்சம்மாள்தான் இருவரையும் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைக்கு ரத்தம் எடுத்து, மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் பாகீரதி, தமிழர்கள் நிறைய வாழும் மாதுங்காவைச் சேர்ந்தவர், ரத்தச் சோதனைச் சீட்டைப் படித்துவிட்டுத் தமிழிலேயே பேசினார்.

"இருக்க வேண்டியதுல பாதி ரத்தம்தாம்மா இருக்கு. குழந்தை மண்ணு திங்கறாளா?"

வடிவு வாயைத் திறக்குமுன் முப்பிடாதி பதில் சொன்னாள். "ஒரே ஒரு தடவ. நானா ரோட்டுல பொறுக்குனேன்."

"கையில என்ன, இப்படிக் கன்னிப் போயிருக்கு?"

"கொழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஒரு தடவை தின்னதுக்கு இவ்வளவு குறையாது. அப்பா அம்மாகிட்டேருந்து பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறுன்னு ஒண்ணு உண்டு. அதுக்கு இரும்பு மாத்திரையைக் கண்டபடி குடுத்தா கெடுதல். அதனால படுக்கையில சேர்த்து, எலும்புக்குள்ள ஊசி போட்டுப் பார்த்துடலாம். வலிக்கும் குழந்தே. பொறுத்துப்பியா?"

"சரி," என்றாள் முப்பிடாதி.

மீன் போதும் என்று சொல்லும் அதே குரல். வடிவு பழக்கிக்கொடுத்த குரல். அதைக் கேட்டதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்தில் பிச்சம்மாள் நின்றாள். வாயைத் திறந்தால் இந்த ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது. திறக்காவிட்டால் பிள்ளையின் எலும்பில் ஊசி இறங்கும்.

"டாக்டரம்மா, அவ பொய் சொல்லுதா," என்றாள் வடிவு, தரையைப் பார்த்தபடி. "ரெண்டு வருசமா நாந்தான் மண்ணு திங்கேன். எம் பெட்டியில இருந்துதான் எடுத்துருக்கா. எத்தன நாளா எடுக்காளோ தெரியல. அடிச்சதும் நாந்தான்."

பிச்சம்மாள் வடிவின் பக்கம் திரும்பினாள்.

"மீனு ஒத்துக்கிடாதுன்னியேட்டி," என்றாள் பிச்சம்மாள்.

"பொய்க்கா."

டாக்டர் எழுந்து வந்து வடிவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. "மண்ணு திங்கணும்னு தோண்றதே ரத்தம் குறைஞ்சதாலதாம்மா. ஒன் குத்தம் இல்லே. ரெண்டு பேருக்கும் மாத்திரை எழுதறேன். மீனு, கீரை, ஈரல், எல்லாம் வயிறாரத் தின்னணும். ஒரு மாசம் கழிச்சு ரத்தம் ஏறியிருக்கான்னு பாப்போம். ஊசி இப்போ வேண்டாம்."

குற்றம் இல்லை என்று டாக்டர் சொன்னது வடிவின் காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. குழாயடியில் அடித்த கை அவளுடையதுதானே. அந்தக் கையால் மகளைத் தொடக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள்.

முப்பிடாதிதான் வந்து அந்தக் கையைப் பிடித்தாள். அடி வாங்கியபோது அழாத பிள்ளை இப்போது விசும்பினாள்.

"நான் சொல்லலைல்லா. நீ ஏம்மா சொன்ன? பெரியம்மா நம்மளப் போவச் சொல்லிருவாகளே."

வடிவு அந்தச் சின்னக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பிச்சம்மாள், தன் வீட்டில் இந்தப் பிள்ளை இத்தனை பயத்தோடா இருந்தது என்று, தலையை நிமிர்த்தவில்லை.