மாரப்பனும் நோட்டு மூஞ்சியும்

மாரப்பனுக்கு வந்த கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது. திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை ஒரு தப்பும் இல்லை. அடுத்த வாரமே தர்மபுரி கண் முகாமில் புரை எடுத்தார்கள், அதுவும் நல்லதுதான். முகாமில் கொடுத்த கண்ணாடிதான் வட்டமாக அமைந்துவிட்டது. முறுக்கி விட்டிருந்த கறுப்பு மீசை மொட்டையோடு போய், இப்போது சாயம் காணாத நரை மீசையாகக் கொஞ்சூண்டு முளைத்திருந்தது. காது இரண்டும் பிறந்தபோதே விடைத்துக்கொண்டிருந்தவை. இத்தனை நாளும் முடி மறைத்து வைத்திருந்தது. முன்பல் ஒன்று ஏற்கெனவே இல்லை. ஆக, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காலம்காலமாக ஆட்டுக்கறி வெட்டுகிற மாரப்பன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தபோது அச்சு அசல் ரூபாய் நோட்டில் இருக்கிற காந்தியாக நின்றார். கையில் வெட்டுக்கத்தி வேறு.

முதலில் கவனித்தவன் எதிரே டீக்கடை வைத்திருக்கும் கலைவாணன். நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து வந்து மாரப்பன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான்.

“அண்ணா, கொஞ்சம் சிரிங்க. செல்லுமா செல்லாதான்னு பாத்துரலாம்.”

“போடா, போயி வேலயப் பாரு.”

“அவரு ஆட்டுப்பாலு குடிச்சவருங்கண்ணா. நீங்க என்னடான்னா ஆட்டையே…”

டீக்கடை மொத்தமும் சிரித்தது. சிரிப்போடு போயிருந்தால் யார் கவலைப்பட்டார்கள்? வியாபாரம் அல்லவா படுத்துவிட்டது! வருகிறவர்கள் மாரப்பனை ஒரு தரம் பார்ப்பார்கள், கையில் இருக்கிற நோட்டை ஒரு தரம் பார்ப்பார்கள். “மனசு ஒப்பலீங்கண்ணா” என்று முனகிக்கொண்டே பக்கத்து பிராய்லர் கடைக்கு நழுவிவிடுவார்கள். புரட்டாசி மாசத்தில்கூட மாரப்பன் இப்படி ஈ ஓட்டியதில்லை.

வீட்டில் அவர் மனைவி பாஞ்சாலி, “தலைய மறைச்சிட்டா சரியாப் போயிருமுங்க” என்று பெட்டியிலிருந்து ஒரு தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். நல்ல யோசனைதான். தொப்பி வெள்ளைத் தொப்பியாகப் போனதுதான் வினை. அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கடைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டே போனார்.

ஆனால் மாரப்பனை உண்மையில் அரித்தது வேறொன்று. அவர் பிழைப்பே ஒரு சின்னப் பொய்யில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளாட்டுக் கறிக்குத்தான் இங்கே மவுசு. செம்மறி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் முன் கொக்கியில் ஒரு வெள்ளாட்டை, வால் முடியைக்கூட எடுக்காமல், எல்லாரும் பார்க்கத் தொங்க விடுவார். உள்ளே வெட்டுவது செம்மறி. கேட்டால், “சித்தேரி மலை ஆடுங்க, மூலிகை மேஞ்சது” என்று வாய் தானாகச் சொல்லும். அந்த வாய் இப்போது மக்கர் பண்ணியது. கல்லாவைத் திறந்தால் அத்தனை நோட்டிலும் அதே மொட்டை, அதே கண்ணாடி, அதே சிரிப்பு. திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி பார்க்கிற பார்வை வேறு. பட்டென்று மூடிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை அமுதவல்லி வந்தாள். ஊரில் எந்த விருந்தென்றாலும் அவள் எங்கே கறி வாங்கினாள் என்று கேட்டுத்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். அவள் வாங்கினால் கடை பிழைத்தது. வாங்காமல் போனால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

“நாளைக்குப் பேரனுக்குக் காதுகுத்துங்கண்ணா. ரெண்டு ஆட்டுக் கறி வேணும். பிராய்லரப் போட்டா சம்பந்தி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவாரு. வெள்ளாடுதானுங்களே?”

சித்தேரி மலை நாக்கு நுனியில் வந்து நின்றது. மாரப்பன் வாயைத் திறந்தார். அமுதவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோயிலில் பூசாரி திருநீறு தருவதற்குக் காத்திருப்பவள் மாதிரி. பாழாய்ப்போன கல்லாவும் பாதி திறந்து கிடந்தது.

“முன்னால தொங்கறது மட்டுந்தானுங்கக்கா வெள்ளாடு” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “உள்ள இருக்கறது செம்மறி. சித்தேரியுமில்ல, கித்தேரியுமில்ல. எல்லாம் சந்தையில புடிச்சது.”

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த கலைவாணனின் கை அப்படியே நின்றது. தொலைந்தோம் என்று மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

“அட சாமி!” என்றாள் அமுதவல்லி. “எனக்குத் தெரிஞ்சு எந்தக் கறிக்கடைக்காரரும் இப்படி ஒடைச்சுச் சொன்னதில்லீங்கண்ணா. அப்ப உங்க கையாலதான் வாங்குவேன். நெசமான வெள்ளாடா ரெண்டு புடிச்சு, காலையில அனுப்பிருங்க.”

மாரப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கண்ணாடிக்குள்ளே கண்ணே கலங்கிவிட்டது. தலையைத் தலையை ஆட்டினார். அமுதவல்லி படியில் ஒரு கால் வைத்தவள், ஏதோ நினைவுக்கு வந்து திரும்பினாள்.

“ஆமாங்கண்ணா, போன ஆடியில மாப்பிள்ள விருந்துக்கு வாங்கிட்டுப் போனேனே. மலை ஆடுன்னு சத்தியமெல்லாம் பண்ணீங்க. அது என்ன ஆடு?”

மாரப்பன் கல்லாவைப் பார்த்தார். தொங்குகிற வாலைப் பார்த்தார். கடைசியில் அமுதவல்லியைப் பார்த்தார்.

“அக்கா, இதுக்கு மட்டும் கண்ணாடியக் கழட்டிட்டுப் பதில் சொல்லலாங்களா?”

அமுதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வேணாங்கண்ணா! கழட்டவே கழட்டாதீங்க. இனி அத நம்பித்தான் கறி வாங்கப் போறேன்.”

காதுகுத்து விருந்தில் சம்பந்தி மூன்றாம் தரமும் குழம்பு கேட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு முன்னால் தள்ளுமுள்ளு. செம்மறியைச் செம்மறி என்றே சொல்லி விற்றும் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாரப்பன் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவிப் பார்த்தார். முடி நன்றாகவே வளர்ந்திருந்தது. அப்பாடா, பழைய மூஞ்சி வந்துவிடும் என்று நிம்மதியாக மூச்சு விட்டார். பின்னால் வந்து நின்ற பாஞ்சாலி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“மசமசன்னு நிக்காதீங்க. சலூன் சாத்தறதுக்குள்ள போயி அத வழிச்சிட்டு வாங்க.”